ஐந்து சவர அலகின் தடிப்பு

1

இக்குறிப்பில் என் கண்ணால் கண்டவற்றையும், என் கையால் அளந்தவற்றையும், உரியவர் வாயால் கேட்டு மறுமுறையும் கேட்டு உறுதிசெய்துகொண்டவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். சென்ற முறை எழுதியபோது இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவைக் கடைவீதியிலிருந்த ஒரு தையற்கடையை, பஸ்ஸிலிருந்து இறங்கி நடப்பவருக்கு இடப்புறம் வருவதாக எழுதிவிட்டேன். அது வலப்புறம் என்று மூவர் மடல் எழுதித் திருத்தினர். மூவருள் ஒருவர் அந்தத் தையற்காரரின் மகன். பதினோராண்டு பிரிந்திருப்பவனின் நினைவு ஒரு கடையைத் தூக்கி வீதியின் மறுபுறத்தில் வைத்துவிடும் என்பதை அன்று அறிந்தேன்.

இம்முறை பேசும் பொருளோ ஒரு துவக்கு; வேட்டைத் துப்பாக்கி. முறையான உரிமம் உள்ள துவக்குத்தான். ஆயினும் இதில் ஒரு சொல் பிசகினால் துன்பம் எழுதுகிறவனுக்கு வராது, வைத்திருப்பவருக்கே வரும். ஆதலால் துவக்கின் எண்ணையும், தோட்டத்தின் பெயரையும், அலுவலகம் எதுவென்பதையும் தரவில்லை. ஏனையவற்றைத் துவக்குக்கு உரியவரிடம் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டிய பின்னரே அனுப்புகிறேன்.

அவர் என் தங்கை பிலோமினாவின் கணவர் சூசை. தங்கை இன்றும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். சூசை தோட்டவேலையை விட்டுக் காட்டோரமாக ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கும் லீக்சும் பயிரிடுகிறார். காட்டுப்பன்றி இறங்கும் இடம் அது. பயிர்காவலுக்கென அவருடைய தந்தையார் பெயரில் இருந்த உரிமம், தந்தையார் மறைவுக்குப் பின் அவர் பெயருக்கு மாறியது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த ஒருவர் பெயரில் துவக்கு உரிமம் இருப்பது எங்கள் பகுதியில் எளிய செய்தியன்று. அது எத்தனை அலுவலகப் படிகளை ஏறி வந்தது என்பதை அவர் வீட்டார் அறிவர்.

2

நியூசிலாந்தின் தென்தீவில் ஒரு சிறு நகரில் நாங்கள் வந்திறங்கிய நாள் ஆண்டுதோறும் அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் நினைவுகூரப்படும். அன்று மாலை தங்கை வீட்டுக்குப் பேசுவோம். இங்கே மாலையாக இருக்கையில் அங்கே பூசை முடிந்து வீடு திரும்பியிருப்பார்கள். வழக்கமாக மழையில் தொடங்கி, லீக்ஸ் விலையில் நடந்து, என் மகள் எழிலின் படிப்பில் முடியும் உரையாடல் இம்முறை துவக்கில் தொடங்கித் துவக்கிலேயே நின்றது.

உரிமம் புதுப்பிக்கச் சென்ற சூசையிடம், புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணைத் துவக்கில் காட்டுமாறு ஓர் இளம் அலுவலர் கேட்டிருக்கிறார். குழலில் ஓர் எண் இருக்கிறது. அது வேறு எண். புத்தகத்தின் எண் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் வாலில் பொறிக்கப்பட்டிருந்தது. கைபட்டுக் கைபட்டு அது இப்போது வழவழப்பான இரும்பாகிவிட்டது. இதுகாறும் வந்த அலுவலர்கள் அந்த வழவழப்பைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கையொப்பமிட்டார்கள். இவர் தலையசைக்கவில்லை. மரியாதையாகவே பேசினாராம். ஆறு வாரம் தவணை தந்தார். அதற்குள் எண்ணைக் காட்டாவிட்டால் துவக்கை ஒப்படைக்க வேண்டும். வளையத்தின் அடிப்புறத்திலும் அதே எண் சில துவக்குகளில் இருக்கும் என்று சொன்னவரும் அவரே. கூடவே ஓர் எச்சரிக்கையும் தந்தார்: வளையத்தின் திருகாணிகளில் புதிய கீறல் காணப்பட்டால், எண்ணில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றே எழுத வேண்டி வரும்.

கண்டியில் திருத்துபவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் துவக்கை அவரிடம் விட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

“மச்சான், கெழங்கு முத்துற நேரம். துவக்கக் கண்டியில குடுத்துட்டு வந்தா, நாங்க கிண்டுறதுக்கு முந்திப் பன்னி கிண்டிரும்” என்றார் சூசை. பிறகு சற்றுத் தயங்கி, “அங்க நல்ல இஸ்குரூட்ரைவரு கெடைக்குமாமே. வெல கூடுனா வேணாம்” என்றார்.

பதினோராண்டில் அவர் என்னிடம் கேட்ட முதற்பொருள் அது.

3

அத்திருகாணியை நான் அறிவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும் சொன்னதில்லை.

ஆசிரியனாக நியமனம் பெற்ற முதலாண்டு, நத்தார் என்னும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் தங்கை வீடு சென்றிருந்தேன். அப்போது சூசையின் தந்தையார் உயிருடன் இருந்தார். துவக்கு உள்ளறைச் சுவரில் தொங்கியது. அனைவரும் கோயிலுக்குப் புறப்பட்ட பின் தலைவலி என்று சொல்லி நான் வீட்டில் தங்கினேன். தலைவலி உண்மையே. வளையத்தின் வாலில் ஓடிய பூவேலைப்பாடு மரத்துக்குள் நுழைந்து மறைவதைக் கண்டு, அது எங்கே சென்று முடிகிறது என்று பார்க்கும் ஆவல் எழுந்தது. மேசைக்கத்தியின் நுனியைத் திருகாணித் தலையில் வெட்டியிருந்த காடியில் வைத்துத் திருப்பினேன். கத்தி ஏறி வழுக்கியது. காடியின் விளிம்பு சிதைந்து, அங்கிருந்து நகக்கீறல் போல ஒரு கோடு இரும்பின்மேல் ஓடியது. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து மாட்டிவிட்டேன்.

மறுநாள் காலை முதியவர் துவக்கை இறக்கிப் பார்த்தார். “யாரு கை வச்சது?” என்றார். வீட்டில் நால்வர் இருந்தோம். அவர் பார்வை சூசையின்மேல் மட்டுமே நின்றது. சூசை தலைகுனிந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று பிற்பகல் அட்டன் பஸ் ஏறி வந்துவிட்டேன். புதுவருடம் பிறக்கும்வரை தந்தை மகனோடு பேசவில்லை என்று தங்கை பிறகு சொன்னாள்.

நான் பொய் சொல்லவில்லை; என்னை யாரும் கேட்கவில்லை. இந்த வாக்கியத்தை எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

4

என் வேலை, பண்ணையாளருக்குப் பொருள் விற்கும் கடையொன்றின் களஞ்சியத்தில். காலையில் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவேன். பிற்பகலில் விற்றவற்றின் இடத்தை நிரப்புவேன். வேலி முட்கம்பியும் ஆட்டு மருந்தும் மண்வெட்டியும் என் கைவழியே நாள்தோறும் கடந்துபோகின்றன. ஒரு வகுப்பறை முழுவதற்கும் இலக்கணம் எழுதிக்காட்டிய கைக்கு இது இழுக்கென்று முதலாண்டில் எண்ணியதுண்டு. பொருள்களும் தத்தம் இடத்தில் நின்றால்தான் பயன்படும் என்று கண்டபின் அந்த எண்ணம் குறைந்தது.

என்னோடு வேலைசெய்யும் ஸ்டுவர்ட், மான் வேட்டைக்குச் செல்பவர். தம் துவக்குகளைத் தாமே துப்புரவு செய்பவர். இந்நாட்டார் பலரைப் போல எதற்கும் ‘ஆம், இல்லை’ என்று ஒரே மூச்சில் விடைசொல்வார். ஈராண்டு சென்றே அதன் பொருள் ‘இல்லை’ என்று கண்டுகொண்டேன். நான் கடையில் விற்கும் நாற்பத்தெட்டு முனைகள் கொண்ட திருப்புளிப் பெட்டியைக் காட்டி, இது போதுமா என்றேன். “ஆம், இல்லை” என்றார்.

அவர் விளக்கியது இது. சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவினது. கீழே மெலிந்து மேலே தடித்திருக்கும். அது காடியின் வாயை மட்டுமே தொடும், அடியைத் தொடாது. திருப்பும்போது மேலேறி விளிம்பைச் சிதைத்து வழுக்கும். துவக்கு வேலைக்கான முனையோ இருபக்கமும் குடைந்து தீட்டப்பட்டு, நுனியில் ஒரே தடிப்பாக இருக்கும். காடியின் அடிவரை இறங்கி, இரு சுவரையும் முழுமையாகத் தொட்டு நிற்கும். அகலம் திருகாணித் தலையளவே இருத்தல் வேண்டும். மிகுந்தால் சுற்றியுள்ள இரும்பைக் கீறும், குறைந்தால் காடியைக் கெடுக்கும். பழைய சீமைத் துவக்குகளின் காடிகள் மிகக் குறுகியவை. அந்த நாற்பத்தெட்டில் ஒன்றுகூட அவற்றுள் நுழையாது. சொல்லிவிட்டு, மாதிரிக்கென்று திறந்துவைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு முனையை எடுத்துத் துருப்பிடித்த கதவுத் திருகாணி ஒன்றில் வைத்து அழுத்தினார். முனை முறுக்கிக்கொண்டது, திருகாணி அசையவில்லை.

தனித்தனிக் கைப்பிடியோடு வரும் உயர்ந்த தொகுதியும் உண்டு. அது அத்தொழிலால் வாழ்பவருக்குரியது. என் கைக்கு எட்டும் வழி ஒன்றே என்றார் ஸ்டுவர்ட்: நல்ல கைப்பிடி ஒன்று, அதில் மாட்ட வேண்டிய அளவு முனைகள் மட்டும் தனியாக. எத்தனை திருகாணி என்று கேட்டார். இரண்டு என்றேன். அப்படியானால் உனக்கு நாற்பத்தெட்டு ஏன் என்று கேட்டார். வெளிநாட்டிலிருந்து மச்சானுக்கு அனுப்பும் பெட்டியில் இரண்டு முனை மட்டும் கிடந்தால் என் தங்கை அண்டை வீட்டாருக்கு என்ன காட்டுவாள் என்பதை அவர் மொழியில் எப்படிச் சொல்வது? ஆறு முனை வாங்குவதென்று எனக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டேன்.

அளவு வேண்டும். சூசையிடம் அளவுக்கருவி ஏதும் இல்லை. அவர் கண்ட வழி நான் கற்பித்ததன்று. திருகாணித் தலையின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து வட்டத்தையும் கோட்டையும் தடமாக எடுத்து, அடிமட்டத்தை அருகில் வைத்துப் படம் அனுப்பினார். தடிப்புக்குச் சவர அலகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காடியில் இறக்கிப் பார்த்தார்.

“நாலு போட்டா ஆடுது. அஞ்சு போட்டா கெட்டியா நிக்கிது. ஆறு போக மாட்டேங்கிது. ரெண்டு ஆணியும் ஒரே கணக்குத்தான் மச்சான்.”

அவர் பயன்படுத்தும் அலகையே இங்குள்ள இந்தியக் கடையில் தேடி வாங்கினேன். ஐந்தை அடுக்கி இடுக்கிமானியில் வைத்தேன். அரை மில்லிமீற்றர். ஸ்டுவர்ட் தாமும் ஒருமுறை அளந்தார். பிறகு அந்த ஐந்து அலகையும் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் மனைவியிடம் காட்ட வேண்டுமாம்.

5

அஞ்சலகத்துக்கு எழிலும் வந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. பள்ளியில் அவள் பெயர் ‘எல்’. நான் தமிழில் கேட்பேன். அவள் ஆங்கிலத்தில் விடைதருவாள். இருவருக்கும் விளங்கும், ஆயினும் இருவரும் ஒரே வீட்டின் இரு வாசல்களில் நின்று பேசுவதுபோல் இருக்கும்.

சுங்கப் படிவத்தில் பொதியிலுள்ள பொருளை விவரிக்குமாறு கேட்டிருந்தது. விவரி என்றால் விவரிக்க வேண்டும் என்று கொண்டேன். பழைய துவக்கொன்றின் திருகாணிகளை அவற்றின் காடி சிதையாவண்ணம் கழற்றுதற்குரிய திருப்புளி முனைகள் என்று, இடம் போதாமல் விளிம்பு வரை எழுதினேன். படிவத்தைப் படித்த பெண் ‘துவக்கு’ என்னும் சொல்லில் நின்றார், என்னைப் பார்த்தார், உள்ளே சென்று மேலாளரை அழைத்து வந்தார். பொதியில் துவக்கின் உறுப்பு ஏதும் உண்டா என்று கேட்டனர். இல்லை என்றேன். திறக்கச் சொன்னார்கள். ஒரு கைப்பிடியும் ஆறு முனைகளும் மேசைமேல் பரப்பப்பட்டன. எனக்குப் பின்னே வரிசை வாசல்வரை நீண்டது. வாழ்த்து அட்டைகளைப் பார்த்தபடி என்னை அறியாதவள் போல் நின்றிருந்த எழில், இறுதியில் வந்து புதிய படிவம் ஒன்றை எடுத்து ‘கைக்கருவிகள்’ என்று ஒரே சொல் எழுதினாள்.

அது முழு உண்மையன்று என்றேன். அதில் எந்தச் சொல் பொய் என்று கேட்டாள்.

எந்தச் சொல்லும் பொய்யில்லை. கையொப்பமிட்டேன். வீடு வரும்வரை நான் பேசாமலிருந்ததை அவள் தன்மேல் கொண்ட சினமென்று நினைத்திருப்பாள். எனக்கோ அவள் கேள்வி வேறோர் அறையில், ஒரு முதியவர் முன்னே, நான்குபேர் நின்ற காலையில் ஒலித்தது.

6

பொதி மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தது. தவணையில் இன்னும் இரண்டு வாரமே எஞ்சியது. சூசையிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அடுத்த ஞாயிறு நானே அழைத்தேன். தங்கை எடுத்தாள். சாமான் மிக அழகாக இருக்கிறது என்றாள். சூசை அதை வைத்துப் பார்த்தாரா என்றேன். இல்லையாம், அது கண்ணாடி அலுமாரியில் இருக்கிறதாம், உறை பிரிக்காமல்.

“திரு இருதயப் படத்துக்குக் கீழ வச்சிருக்கேன் அண்ணே. வர்றவங்கல்லாம் பாத்துட்டுப் போறாங்க. இவருகிட்ட குடுத்தா ஒரே நாள்ல எண்ணெய ஆக்கிருவாரு.”

“பிலோ, அது பாக்குற சாமான் இல்லம்மா.”

“தெரியும். அதான் இவரும் வேற ஒண்ண அரத்துல ராவிக்கிட்டு இருக்காரு. நீங்க அனுப்புனது அப்பிடியே கெடக்கட்டும்னு.”

எங்களவர் எவர் வீட்டு அலுமாரியையும் நான் அறிவேன். நான் முன்பு அனுப்பிய தேநீர்க் கோப்பைகள் ஆறும் அதில் இன்றுவரை தேநீர் காணாமல் நிற்கின்றன. அன்பால் செய்யும் இத்தவற்றை வேறெவரும் இவ்வளவு ஒழுங்காகச் செய்யமாட்டார்கள். ஆயினும் வீட்டில் ராவிய ஆப்புநுனி ஒருமுறை வழுக்கினால் போதும், புதுக்கீறல் விழும், துவக்கு போகும், துவக்கோடு அவ்வாண்டுக் கிழங்கும் போகும். சூசையைக் கூப்பிடச் சொன்னேன். அவர் முதலிற் கேட்டது, “ரெண்டு ஆணிக்கு எதுக்கு மச்சான் ஆறு?” என்பதே. ஆறு குறைவென்று நான் அஞ்சியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு நாங்கள் அனைவரும் பார்க்க, அனுப்பியதைக் கொண்டே திறக்க வேண்டும் என்று வற்புறுத்தி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

7

ஞாயிறு. எங்கள் சமையலறை மேசையில் எழில் தன் தொலைபேசியைச் சாய்த்து நிறுத்தினாள். அங்கே தங்கை தன்னுடையதைக் கையிற் பிடித்திருந்தாள். படம் அவள் மூச்சோடு ஏறி இறங்கியது. சூசை குழலை மடித்துத் தோட்டா இல்லையென்று காட்டினார். தாமும் மறுமுறை பார்த்தார். முதல்நாளே திருகாணிகளில் எண்ணெய் விட்டிருந்தார்.

“மருமவளே, நல்லா தெரியுதா?” என்றார்.

“தெரியுதுங்க மாமா” என்றாள் எழில். அவள் வாயில் அந்த ‘ங்க’ எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. நான் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை.

பின்திருகாணியில் முனையை இறக்கினார். ஆடாமல் நின்றது. கைப்பிடியின் தலையில் மரக்கட்டையால் மெல்ல இருமுறை தட்டி, அழுத்தித் திருப்பினார். எளிதாகச் சுழன்றது. காடி புதிதுபோல் இருந்தது. அடுத்தது முன்திருகாணி. தங்கை தொலைபேசியை நெருக்கமாகக் கொண்டுவந்தாள். அதன் காடியில் ஒரு விளிம்பு சிதைந்திருந்தது. அங்கிருந்து கறுத்த ஒரு கோடு இரும்பின்மேல் ஓடியது.

“மாப்பிள, கொஞ்சம் நில்லுங்க” என்றேன்.

சொன்னேன். மேசைக்கத்தி, தலைவலி, தேங்காயெண்ணெய், அன்று காலை நான் வாய்திறவாமல் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலர் அக்கோட்டைப் பற்றிக் கேட்டால் காட்டுவதற்கு, அது என் கையால் விழுந்ததென்று கையொப்பமிட்ட கடிதம் அனுப்புகிறேன் என்றேன். எழில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். படம் ஆடாமல் நின்றது. தங்கை மூச்சை நிறுத்தியிருந்தாள்.

சூசை முனையைக் காடியிலிருந்து எடுக்கவில்லை.

“லெட்டரெல்லாம் வேணாம் மச்சான். அந்தக் கோடு நான் போட்டது. அந்த நத்தாருக்கு முந்துன மாசம் ஆணி லூசா இருந்திச்சி, தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால இறுக்கப் பாத்தேன், வழுக்கிருச்சி. அப்பா அன்னைக்குத்தான் பாத்தாரு. அதான் நான் ஒண்ணும் பேசல.”

“இல்ல மாப்பிள, நான் கண்ணால பாத்தேன்.”

“நீங்க எந்த ஆணியத் திருப்புனீங்க?”

பின்திருகாணி என்றேன். இத்தனை ஆண்டும் என் நினைவில் அது பின்திருகாணியாகவே இருந்தது.

“பின்னாணி இந்தா இருக்கு” என்று கழற்றியதைத் தொலைபேசிக்கு முன்னே நீட்டினார். காடியில் ஒரு சிதைவும் இல்லை. பிறகு மறுபேச்சுக்கு இடம் தராமல் முன்திருகாணியை அழுத்தித் திருப்பினார். முனை வழுக்கவில்லை. ஒரு கணம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு உலர்ந்த சிறு ஒலியோடு அது விட்டுக்கொடுத்தது. வாலைத் தூக்கி வளையத்தைச் சுற்றிச் சுற்றிக் கழற்றினார். அடிப்புறத்தைத் துணியால் துடைத்தார். தங்கை உரிமப் புத்தகத்தைத் திறந்து இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். சூசை ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றார். இறுதி இலக்கத்துக்கு அவர் “ம்” சொல்லவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தங்கை அழத் தொடங்கினாள். அவை பொருந்திவிட்டன என்பதை நாங்கள் அப்படித்தான் அறிந்துகொண்டோம்.

8

உரிமம் புதுப்பிக்கப்பட்டது. அலுவலர் வளையத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பழைய கோட்டின்மேல் விரல்வைத்து இது யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டாராம். நான்தான் செய்தேன் என்று சூசை சொன்னாராம். கோடு உள்ளே கறுத்திருந்ததால் பழையதென்று ஏற்று, எண்ணை எழுதிக்கொண்டார். கிழங்கு கிண்டியாகிவிட்டது. திருப்புளிப் பெட்டி மறுபடியும் கண்ணாடி அலுமாரிக்குப் போய்விட்டது. ஆனால் உறை பிரிந்திருக்கிறது, ஒரு முனையில் எண்ணெய்க் கறையும் இருக்கிறது. தங்கை அதைத் துடைக்கவில்லை.

இக்குறிப்பைச் சூசைக்குப் படித்துக் காட்டினேன். கோட்டைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்தி, உண்மையைச் சொல்லுங்கள், எழுத வேண்டியிருக்கிறது என்றேன். சிரித்தார்.

“ரெண்டு பேரு போட்டதுன்னு எழுதுங்க மச்சான். ஒரு கோட்ட ரெண்டு பேரு போடக்கூடாதா?”

எழிலும் அருகில் இருந்தாள். இம்முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இனி, அறியாதவை. குழலின் எண்ணும் புத்தகத்தின் எண்ணும் ஏன் வேறுபடுகின்றன என்பதை யாரும் அறியார். நான் அன்று கைவைத்தது எத்திருகாணி என்பதை, தையற்கடையை இடம்மாற்றிய என் நினைவைக்கொண்டு உறுதிசெய்ய இயலவில்லை. கவ்வாத்துக் கத்தியைப் பற்றிச் சூசை சொன்னது நடந்ததா, அல்லது அக்கணத்தில் எனக்காக அவர் செய்ததா என்பது தெரியவில்லை. அக்கோடு யாருடையது என்பது தெரியவில்லை.